மெகாவாட்டையும் கன அடியைப் போல எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் தங்கள் நாளிதழின் மாவட்டச் செய்திப் பக்கத்தில், பராமரிப்புக்காக நிறுத்தியிருந்த கூடங்குளம் அணு உலை ஒன்று மீண்டும் ஓடத் தொடங்கிய செய்தி வந்திருந்தது. "நாளொன்றுக்கு 1,000 மெகாவாட் மின்சாரம் உற்பத்தி" என்பது தலைப்பு. அந்த ஒரு வரி எங்கள் டீக்கடையில் நான்கு நாள் சண்டையாக ஓடியது. மனத்தாங்கலில் ஒருவர் இரண்டு நாள் கடைக்கே வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் துணை மின் நிலையங்களில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். குடியிருப்பது காவல்கிணறு பக்கம். எங்கள் ஊரின் கிடப்பைத் தாங்கள் அறிவீர்கள். மேற்கே பார்த்தால் முப்பந்தல் காற்றாலைகள். வடமேற்கே மகேந்திரகிரி அடிவாரத்தில் ராக்கெட் எஞ்சின்களைச் சோதிக்கும் இஸ்ரோ வளாகம். தென்கிழக்கே கூடங்குளம். மற்ற ஊர் டீக்கடைகளில் அரசியலும் கிரிக்கெட்டும் பேசுவார்கள். எங்கள் கடையிலும் அவை உண்டு. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்து தலையைத் திருப்பினால் காற்றாலை சுற்றுகிறது. சில நாள் மலைப் பக்கமிருந்து எஞ்சின் உறுமும் சத்தம் வருகிறது. பேச்சு தானாக அங்கே போய்விடும். பேசுகிறவர்கள் வாழைத்தார் வியாபாரி, பள்ளி வேன் ஓட்டுநர், பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒரு தம்பி, காற்றாலைப் பராமரிப்பு வேலைக்குப் போகும் இரண்டு பையன்கள், நான். தீர்ப்புச் சொல்வது தங்கள் நாளிதழ். "பேப்பரில் போட்டிருக்கிறதே" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் எங்களிடம் அப்பீல் கிடையாது.

அன்று நடந்தது இது. வாழைத்தார் அண்ணாச்சி பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "கூடங்குளம் உலை ஒன்று ஒரு நாளைக்கு 1,000 மெகாவாட். முப்பந்தல் வட்டாரத்தில் 1,500 மெகாவாட் காற்றாலை இருக்கிறது. அப்படியானால் காற்றாலையே பெரிது. இந்த உலை எதற்கு?" என்றார். வேன் ஓட்டுநர் விடவில்லை. "அண்ணாச்சி, உலைக்கு 'நாளொன்றுக்கு' என்று போட்டிருக்கிறது. 365 நாளைக்குப் பெருக்குங்கள். மூன்று லட்சத்து அறுபத்தைந்தாயிரம் மெகாவாட். காற்றாலையின் 1,500-க்கு அப்படி எதுவும் போடவில்லை. அது வருடத்துக்கோ என்னவோ" என்றார். ஆசிரியர் அவர்களே, இரண்டு பேருடைய கணக்கிலும் தப்பில்லை. தாங்கள் அச்சிட்ட வரியை நம்பி அவரவர் போட்ட கணக்கு அது. தப்பு அந்த வரியில் இருந்தது.

மெகாவாட் என்பது இந்த நொடியில் எவ்வளவு வேகத்தில் மின்சாரம் வந்துகொண்டிருக்கிறது என்பதைச் சொல்கிறது. அதற்கு முன்னால் "நாளொன்றுக்கு" என்று போட இடமே இல்லை. கூடங்குளம் உலை முழுத் திறனில் ஓடினால் காலை பத்து மணிக்கும் 1,000 மெகாவாட்தான், நள்ளிரவிலும் 1,000 மெகாவாட்தான். அப்படி ஒரு மணி நேரம் ஓடினால் கிடைப்பது பத்து லட்சம் யூனிட். ஒரு நாள் முழுக்க ஓடினால் 2 கோடியே 40 லட்சம் யூனிட். "நாளொன்றுக்கு" என்ற சொல் சேர வேண்டிய இடம் அந்த 2 கோடியே 40 லட்சம். யூனிட் என்றால் என்ன என்று நம் மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு மாதத்துக்கு இத்தனை யூனிட் இலவசம் என்பதை வைத்து எந்த நாளில் எத்தனை யூனிட் ஏறியது என்று என் மனைவி மீட்டரைப் பார்த்தே சொல்லிவிடுவாள். ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

தங்களுக்கு இதில் சிரமம் இருக்கிறது என்றும் நான் நம்பவில்லை. ஏனென்றால் தண்ணீர் விஷயத்தில் தாங்கள் ஒரு நாளும் இந்தத் தவறைச் செய்வதில்லை. மேட்டூரில் நீர் திறந்தால் "வினாடிக்கு 10,000 கன அடி" என்று எழுதுகிறீர்கள். அணையில் இருப்பதை "டிஎம்சி" என்று எழுதுகிறீர்கள். மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி என்பதைப் புள்ளி பிசகாமல் போடுகிறீர்கள். வினாடிக்கு ஏறத்தாழ 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால்தான் ஒரு டிஎம்சி ஆகும் என்ற கணக்கு டெல்டா விவசாயிக்கு விரல் நுனியில் இருக்கும். "மேட்டூரில் இருந்து 10,000 டிஎம்சி திறப்பு" என்று ஒரு நாள் தலைப்பு வந்தால் மறுநாள் தங்கள் அலுவலகத்துக்கு எத்தனை தொலைபேசி வரும்! மெகாவாட் என்பது மின்சாரத்தின் 'வினாடிக்கு இத்தனை கன அடி'. யூனிட் என்பது மின்சாரத்தின் டிஎம்சி. மதகில் ஓடுகிற தண்ணீருக்குக் காட்டுகிற அக்கறையைக் கம்பியில் ஓடுகிற மின்சாரத்துக்கும் காட்டுங்கள் என்று கேட்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் நானே இந்தப் பிழையைச் செய்திருக்கிறேன். துணை மின் நிலையத்தில் மணிக்கு ஒரு முறை பேனல் முன் நின்று, ஒவ்வொரு மீட்டரிலும் முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து லாக் புத்தகத்தில் எழுத வேண்டும். அது மெகாவாட். நள்ளிரவு பன்னிரண்டு மணிக்கு மட்டும் இன்னொரு மீட்டரில் ஓடியிருக்கும் எண்ணைக் குறித்து, முந்தைய இரவின் எண்ணைக் கழித்து, பெருக்கல் எண்ணால் பெருக்கி எழுத வேண்டும். அது யூனிட். ஒரு மழை இரவில் இரண்டையும் இடம் மாற்றி எழுதிவிட்டேன். காலையில் வந்த உதவிப் பொறியாளர் என்னைத் திட்டவில்லை. மேசையிலிருந்து மரஸ்கேலை எடுத்தார். அந்தப் பக்கத்தில் இரண்டு கட்டங்களுக்கும் நடுவே சிவப்பு மையால் மேலிருந்து கீழ் வரை ஒரு கோடு இழுத்தார். பிறகு புத்தகத்தில் மீதியிருந்த வெற்றுப் பக்கங்கள் அத்தனையிலும் அதே கோட்டை இழுத்து முடித்துவிட்டுத்தான் டீ குடிக்கப் போனார். ஸ்கேலின் ஓரத்தில் சிவப்பு மை படிந்து அவர் கட்டை விரலெல்லாம் சிவந்திருந்தது. ஓய்வு பெறும் நாள் வரை நான் புதுப் புத்தகம் திறக்கும்போதெல்லாம் அந்தக் கோட்டைப் போட்டுவிட்டுத்தான் முதல் எழுத்தை எழுதினேன்.

அண்ணாச்சியின் காற்றாலைக் கணக்கையும் முடித்துவிடுகிறேன், அது பாதியில் நிற்கிறது. 1,500 மெகாவாட் என்பது அத்தனை காற்றாலைகளும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடினால் வரக்கூடியது. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று பாய்கிற நாட்களில் அதற்குப் பக்கத்தில் போகும். மற்ற மாதங்களில் போகாது. காற்றின் வேகம் பாதியானால் மின்சாரமும் பாதியாகும் என்று பலர் நினைக்கிறார்கள். எட்டில் ஒன்றாகிவிடும். 250 கிலோவாட் காற்றாலை ஒன்று முழு வேகக் காற்றில் ஒரு நாள் ஓடினால் 6,000 யூனிட் தரும். காற்று அதில் பாதியாக இருந்தால் 750 யூனிட்தான். ஓராண்டுக் கணக்கில் பார்த்தால், பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் திறனில் கால் பங்கு கிடைத்தாலே அது நல்ல காற்றாலை. உலையோ எரிபொருள் மாற்றும் மாதங்கள் தவிர இரவு பகலாக ஓடும். ஆகவே 1,500-ஐயும் 1,000-ஐயும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பெரிது சிறிது சொல்ல முடியாது. இதைச் சொல்வதால் நான் உலையின் கட்சி என்று எண்ண வேண்டாம். எங்கள் வட்டாரத்தில் கூடங்குளம் என்பது பொழுதுபோக்குப் பேச்சு அன்று. இடிந்தகரையில் ஆண்டுக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்து போராடியவர்களின் உறவினர்கள் எங்கள் கடையில் டீ குடிக்கிறார்கள். உலையில் வேலை பார்க்கிறவர்களும் குடிக்கிறார்கள். இரு தரப்புக்கும் சரியான எண் வேண்டும். பிழையான எண் ஒரு தரப்பை ஏமாற்றுகிறது, மறு தரப்பைப் பொய்யர் ஆக்குகிறது.

இன்னொரு வழக்கும் கடையில் நெடுநாளாக நடக்கிறது. "காற்றாலை கரண்ட் கொடுப்பதைவிட இழுப்பதுதான் அதிகம்" என்று ஒரு சொல் ஊரில் உண்டு. வெறும் புரளி என்று தள்ள வேண்டாம். ஒரு துளி உண்மை இருக்கிறது. பழைய வகைக் காற்றாலையின் ஜெனரேட்டர் தனக்கு வேண்டிய காந்தப்புலத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. லைனிலிருந்து ரியாக்டிவ் பவர் என்று நாங்கள் சொல்வதை வாங்கித்தான் அதை உண்டாக்கும். அதனால்தான் லைன் போய்விட்டால், வெளியே எவ்வளவு காற்று அடித்தாலும் அந்தக் காற்றாலையை நிறுத்திவிட வேண்டியிருக்கிறது. காற்றாலை அதிகமுள்ள இடங்களில் எங்கள் துணை மின் நிலையங்களில் கெபாசிட்டர் வரிசை வைத்திருந்தது இதற்காகத்தான். ஆனால் ரியாக்டிவ் பவர் போய் வந்துகொண்டிருப்பது. விளக்கெரிக்கும் யூனிட் அன்று. இதை ஒரு கட்டுரையாகத் தாங்கள் போட்டால் பத்து ஆண்டுச் சண்டை ஒரே காலையில் தீரும். காற்றாலை மழை மேகத்தை விரட்டுகிறது என்ற பேச்சுக்கு அந்தத் துளி உண்மைகூட இல்லை. மழை மேகம் நிற்கும் உயரத்துக்கும் காற்றாலையின் இறக்கைக்கும் வெகு தூரம்.

மகேந்திரகிரி விஷயத்துக்கு வருகிறேன். அங்கே சோதிக்கப்படும் சிஇ-20 கிரையோஜெனிக் எஞ்சினைப் பற்றித் தங்கள் இணைப்பிதழ் ஒன்றில் "20 டன் எடையுள்ள எஞ்சின்" என்று வந்தது. பாலிடெக்னிக் தம்பி அதைப் பார்த்துத் துடித்துவிட்டான். 20 டன் என்பது அந்த எஞ்சின் கொடுக்கும் உந்துவிசை. எஞ்சினின் எடை ஒரு டன்கூடக் கிடையாது. மைனஸ் 253 டிகிரியில் திரவ ஹைட்ரஜனையும் மைனஸ் 183 டிகிரியில் திரவ ஆக்சிஜனையும் வாங்கி எரித்து, தன் எடையைப் போலப் பல மடங்கைத் தள்ளுகிறது என்பதில்தானே அதன் பெருமை இருக்கிறது? அந்தப் பெருமையை ஒரு சொல்லில் தாங்கள் மறைத்துவிட்டீர்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் அந்த மலையடிவாரத்து வேலையைக் கனவு காண்கிறவர்கள் என்பதால் எனக்கு இது கூடுதலாக வலித்தது.

குலசேகரன்பட்டினம் ராக்கெட் தளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியபோதும் அப்படித்தான். "பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் தேர்வு" என்று மட்டும் போட்டு முடித்துவிட்டார்கள். பூமத்திய ரேகையை நெருங்க நெருங்கப் பூமி சுழலும் வேகம் கூடும், கிழக்கே ஏவும் ராக்கெட்டுக்கு அது உதவும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வேகத்தில் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் குலசேகரன்பட்டினத்துக்கும் உள்ள வித்தியாசம் வினாடிக்குப் பத்து மீட்டர்கூட வராது. அங்கிருந்து தெற்கே, துருவங்களுக்கு மேலாகச் சுற்றும் பாதைக்குப் போகும் ராக்கெட்டுக்கு அந்த உதவியும் கிடையாது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே ஏவினால் இலங்கை குறுக்கே நிற்கிறது. வளைந்து போக எரிபொருள் செலவாகும். 500 கிலோ சுமக்கும் சிறிய எஸ்எஸ்எல்வி ராக்கெட்டுக்கு அந்தச் செலவு பெரிய இழப்பு. குலசேகரன்பட்டினத்திலிருந்து புறப்பட்டால் நேராகக் கடல்தான். எங்கள் கடையில் வரைபடத்தை விரித்து வைத்துக் காட்டியதும் வேன் ஓட்டுநர் தன் விரலாலேயே அந்த வழியை இழுத்துக் காட்டினார்.

விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு விசை இல்லை என்று தாங்கள் எழுதுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் அந்த நிலையத்தில், தரையில் இருப்பதில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு ஈர்ப்பு இருக்கிறது. அண்ணாச்சி இதை ஏற்கவே இல்லை. "பிறகு ஏன் மிதக்கிறார்கள்?" என்றார். தம்பி ஒரு பிளாஸ்டிக் பாட்டிலை எடுத்து, கடைக்காரரின் அடுப்பில் ஊக்கைச் சுட்டு, அடிப்பக்கத்தில் ஒரு ஓட்டை போட்டான். மூடியைக் கழற்றித் தண்ணீர் நிரப்பி பெஞ்சின் மேல் ஏறி நின்றான். ஓட்டையிலிருந்து தண்ணீர் வளைந்து பீய்ச்சியது. பாட்டிலைக் கைவிட்டான். விழுகிற அந்த ஒரு கணத்தில் தண்ணீர் நின்றுவிட்டது. ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை. தரையில் மோதிய பிறகுதான் சிதறியது. மூன்று முறை செய்யச் சொல்லிப் பார்த்தோம். மூன்றாவது முறை அண்ணாச்சி குனிந்து பக்கவாட்டில் இருந்து பார்த்தார். வேட்டி நனைந்ததைக் கவனிக்கவில்லை. "அப்படியானால் அவர்கள் மிதக்கவில்லை. விழுந்துகொண்டே இருக்கிறார்கள்" என்றார். நாங்கள் யாரும் அவருக்கு அதைச் சொல்லித்தரவில்லை.

சிறுவர் பக்கத்தில் நேர்ந்தது எங்கள் வீட்டு விஷயம். "காலத்தை அளக்கும் மிகப் பெரிய அலகு ஒளியாண்டு" என்று ஒரு பொது அறிவுத் துணுக்கு வந்தது. ஏழாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி ஒரு வினாடி வினாவில் ஒளியாண்டு என்பது தூரம் என்று சரியாகச் சொல்லியும் மதிப்பெண் கிடைக்கவில்லை. கேள்வி தயாரித்தவர்கள் தங்கள் துணுக்கை வைத்திருந்தார்கள். அழுதுகொண்டு வந்தாள். ஒளி ஓராண்டில் போகும் தூரம் அது, சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர். மறுநாள் கடையில் தம்பிதான் அவளைத் தேற்றினான். 1977-இல் வெளியான 'ஸ்டார் வார்ஸ்' படத்தில் கப்பலோட்டி ஒருவன் தன் வேகத்தைப் பெருமையாகச் சொல்லும்போது பார்செக் என்ற அலகைச் சொல்வானாம். பார்செக்கும் தூரம்தான், 3.26 ஒளியாண்டு. அந்த ஒரு வசனத்துக்காக ரசிகர்கள் இன்று வரை சண்டை போடுகிறார்கள் என்றான். கதையில் வரும் ஒரு வாய்ச்சொல்லுக்கே அத்தனை பேர் கணக்குக் கேட்கிறார்கள். அறிவியல் கதைகள் எழுதிய ஆர்தர் கிளார்க், 1945-இல் செயற்கைக்கோள் வழியாக உலகம் முழுதும் ஒலிபரப்பலாம் என்று கட்டுரை எழுதியபோது, பூமியின் மையத்திலிருந்து 42,000 கிலோமீட்டர் என்று தூரத்தைக் கணக்கிட்டுத்தான் எழுதினார். பிற்காலத்தில் நம் பக்கத்து இலங்கையில் வாழ்ந்தவர் அவர். நம் மொட்டை மாடிகளில் இருக்கும் டிஷ் ஆன்டெனாக்கள் எல்லாம் அந்தத் தூரத்தைப் பார்த்துத்தான் நிற்கின்றன.

அதே 1977-இல் புறப்பட்ட வாயேஜர் 1 விண்கலம் பற்றிப் பேத்தியிடம் சொன்னேன். வினாடிக்குச் சுமார் 17 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. சூரியனுக்கு அடுத்து அருகில் உள்ள விண்மீன் 4.24 ஒளியாண்டு தூரத்தில் இருக்கிறது. இந்த வேகத்தில் அவ்வளவு தூரம் போக ஏறக்குறைய 75,000 ஆண்டுகள் ஆகும். அது புறப்பட்டபோது அதன் புளூட்டோனிய மின்கலங்கள் கொடுத்தது சுமார் 470 வாட். "நம் இஸ்திரிப் பெட்டியில் பாதிகூட இல்லையா, தாத்தா?" என்று கேட்டாள். அவளுக்கு வாட் தெரிகிறது, தூரம் தெரிகிறது, வேகம் தெரிகிறது. எதை எதோடு சேர்க்க வேண்டும் என்றும் தெரிகிறது.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இதுதான். மின்சாரச் செய்தியில் மெகாவாட்டா யூனிட்டா என்று ஒரு முறை பார்த்துவிட்டு அச்சுக்கு அனுப்பச் சொல்லுங்கள். தவறு வந்தால் வந்த பக்கத்திலேயே, கண்ணில் படும் எழுத்தில் திருத்தம் போடுங்கள். உள்பக்க மூலையில் போட்டால் டீக்கடையில் யாரும் பார்ப்பதில்லை. வாரம் ஒரு நாள், எங்களைப் போன்றவர்களின் வாக்குவாதங்களை எழுதி அனுப்பச் சொல்லி, விவரம் அறிந்தவரிடம் கேட்டு விடை போட ஒரு கால் பக்கம் ஒதுக்குங்கள். கேள்விக்குப் பஞ்சம் வராது. எங்கள் கடையிலிருந்து மட்டுமே ஒரு வருடத்துக்கு அனுப்புவோம்.

"நாளொன்றுக்கு 1,000 மெகாவாட்" தலைப்பை வேன் ஓட்டுநர் வெட்டி, கடைச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். நான் எவ்வளவு சொல்லியும் எடுக்க மறுக்கிறார். "பேப்பரில் மாற்றிப் போடட்டும், நானே அதை வெட்டி இதன் மேல் ஒட்டுகிறேன்" என்கிறார். துண்டின் ஓரம் நீராவி பட்டுச் சுருளத் தொடங்கியிருக்கிறது. தங்கள் திருத்தத்துக்காகக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற துணை மின் நிலைய ஆபரேட்டர்,
காவல்கிணறு, திருநெல்வேலி மாவட்டம்.